மின்கட்டண மனுவுக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி? குறுந்தொழில் நடத்துபவர்களுக்காக

கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். இரண்டு சி.என்.சி., மூன்று பழைய லேத், ஒரு மில்லிங் மெஷின். பம்பு செட்டுக்கான ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. மின்கட்டணம் உயரும்போதெல்லாம் எங்கள் பகுதியில் கறுப்புக் கொடி கட்டுகிறோம், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம், ஒரு நாள் கதவடைப்பு செய்கிறோம். 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுவதும் சிறு, குறுந்தொழில் கூடங்கள் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். அதெல்லாம் தேவைதான், நானும் கலந்துகொள்கிறேன். ஆனால் அந்த வேலைநிறுத்தம் எந்தக் கட்டணத்தை எதிர்த்து நடந்ததோ, அதற்கான ஆணை ஓராண்டுக்கு முன்பே வந்துவிட்டது. ஆணைக்கு முன்னால் சில வாரங்கள், 'ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்' என்று சட்டப்படி நம்மிடம் கேட்டார்கள். எங்கள் தெருவில் அப்போது எழுத்தில் கொடுத்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

அந்தச் சில வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கான வழிகாட்டி இது. வக்கீல் தேவையில்லை, கட்டணம் கிடையாது, ஆங்கிலமும் கட்டாயமில்லை. பட்டறையின் பில்கள், ஒரு கால்குலேட்டர், இரண்டு மாலை நேரம் போதும்.

கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்?

'அரசு கட்டணத்தை உயர்த்திவிட்டது' என்று பேசிப் பழகிவிட்டோம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்வாரியம் ஆணையத்திடம் மனு போட வேண்டும். (2024இல் வாரியத்தைப் பிரித்த பிறகு, நமக்கு பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.) அந்த மனுவின் சுருக்கத்தைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். மக்களிடமிருந்து வந்த யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, மனு வந்த 120 நாள்களுக்குள் ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். இவை பிரிவு 64இல் உள்ளவை. நம் கடிதத்தைப் பரிசீலிப்பது ஆணையத்தின் கடமை, சலுகை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கெஞ்சும் தொனி தானாகவே போய்விடும்.

120 நாள் என்றவுடன் நிறைய நேரம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். 2022இல் மனு தாக்கலானது ஜூலை 18. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 9 அன்று ஆணை, மறுநாள் முதல் புதிய கட்டணம். முழுதாக எட்டு வாரம்கூட ஆகவில்லை. ஆகவே, மனு வந்த பிறகு தயாராகலாம் என்றிருப்பவருக்கு நேரம் போதாது.

விளம்பரத்தைப் பிடிப்பது

மனுவின் சுருக்கம் தமிழ், ஆங்கில நாளிதழ்களில் விளம்பரமாக வரும். பொடி எழுத்தில், அட்டவணைகளாக, டெண்டர் அறிவிப்பு போலவே இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும். ஆணையத்தின் இணையதளத்திலும் பகிர்மானக் கழகத்தின் தளத்திலும் முழு மனு கிடைக்கும். தெருவுக்கு ஒருவர் வாரம் ஒருமுறை ஆணையத்தின் தளத்தைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்திருக்கிறோம்.

விளம்பரம் கிடைத்தவுடன் நான்கு விவரங்களைத் தனித் தாளில் எழுதிவையுங்கள்: மனுவின் எண், ஆட்சேபணை சேர வேண்டிய கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி, கூட்டம் நடக்கும் இடமும் நாளும். எத்தனை பிரதி வேண்டும், மின்னஞ்சல் ஏற்பார்களா, பகிர்மானக் கழகத்துக்கும் நகல் அனுப்ப வேண்டுமா என்பவையும் அதிலேயே இருக்கும். அவர்கள் கேட்டபடியே செய்யுங்கள். கடைசித் தேதி என்பது கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டிய தேதி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் நம் கணக்கு சரியாக இருக்க வேண்டும்

மனுவைத் திறப்பதற்கு முன் நம் பில்லைப் பாருங்கள். எந்தக் கட்டணப் பிரிவு என்று போட்டிருக்கிறது? குடிசைத்தொழிலுக்கும் மிகச் சிறிய கூடங்களுக்கும் 3-ஏ(1). என்னைப் போன்ற பட்டறைகளுக்குத் தாழ்வழுத்த 3-பி. அதன் உச்சவரம்பு 112 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன். அதற்கு மேல் போனால் உயர் அழுத்த இணைப்பு.

பிரிவும் பயன்பாடும் ஒத்துப்போகின்றனவா என்று நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷெட்டின் முன்பக்கத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டு, அதே 3-பி மீட்டரிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தால், அது அனுமதிக்காத பயன்பாடு. பிரிவு 126இன்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று பில்லைக் காட்டிப் பேசப்போகிறவர், அந்த பில்லில் எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். சங்கத்தில் கேட்கும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது நம் இணைப்பில் எத்தனை கிலோவாட் வரை எடுக்கலாம் என்ற அளவு. மெஷினை விற்ற பிறகும் பழைய மின்பளுவையே வைத்திருப்பவர்கள் ஏராளம். நிலைக்கட்டணம் மின்பளுவைப் பொறுத்தது, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டியது. தேவைக்கு மேல் இருந்தால் மின்பளுவைக் குறைக்க விண்ணப்பியுங்கள். எந்த ஆணையத்தின் தயவும் இல்லாமல் கிடைக்கும் நிவாரணம் அது.

மனுவில் எதைப் படிப்பது?

முழு மனு நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. 'தற்போதைய கட்டணம், முன்மொழியும் கட்டணம்' என்ற அட்டவணையில் உங்கள் பிரிவின் வரியைக் கண்டுபிடியுங்கள். மூன்று இடங்களில் மாற்றம் வரலாம்: யூனிட் கட்டணம், நிலைக்கட்டணம், உச்சநேரக் கூடுதல் கட்டணம். பத்திரிகைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் முதலாவது. நம் வயிற்றில் அடிப்பவை மற்ற இரண்டும்.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 3-பி பிரிவுக்கு நிலைக்கட்டணம் மாதம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய். ஆணைக்குப் பின் 50 கிலோவாட் வரை 75 ரூபாய், அதற்கு மேல் 112 வரை 150 ரூபாய். என்னைப் போல 45 கிலோவாட் வைத்திருப்பவருக்கு மாதம் 1,575 ரூபாயாக இருந்தது 3,375 ஆனது. 'இரண்டு மடங்குக்கு மேல்' என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். பட்டறைக்கு ஆர்டர் நிறைய இருக்கும் மாதத்தில் 4,500 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கட்டணத்தை யூனிட்டுக்குப் பங்கிட்டால் 75 காசு. ஆர்டர் இல்லாத மாதத்தில் 1,200 யூனிட்தான் ஓடியது என்றால் அதே நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 81 காசு. வேலை இல்லாதபோதுதான் மின்சாரம் விலை கூடுகிறது. குறுந்தொழிலின் உண்மையான வலி இந்த ஒரு கணக்கில் இருக்கிறது, ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தானாகத் தெரிய வழியில்லை. நாம்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்று, வரம்பைத் தாண்டியவருக்கு விழும் அடி. 50 கிலோவாட் வைத்திருப்பவர் மாதம் 3,750 ரூபாய் கட்டினார். 55 வைத்திருப்பவர் 8,250. ஐந்து கிலோவாட்டுக்காக 4,500 ரூபாய். இப்படி ஒரு படி முன்மொழிவில் இருந்தால் அதை உடனே பிடித்துக்கொள்ளுங்கள். 'உயர்த்தாதீர்கள்' என்று கேட்பதைவிட, '50க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் போடுங்கள்' என்று கேட்பது ஏற்றுக்கொள்ள எளிதான கோரிக்கை.

உச்சநேரத்துக்கும் இதே முறைதான். காலை 6.30 முதல் 10.30 வரை, மாலை 6 முதல் 10 வரை உச்சநேரம். அந்த நேரத்தில் மின்பயன்பாட்டைக் குறைத்து வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் அந்தக் கட்டணத்தின் நோக்கம். ஒரே ஷிஃப்ட் ஓடும் பட்டறையில் எட்டரைக்கு ஆள் வந்தால் இரண்டு மணி நேரம் உச்சநேரத்துக்குள் விழுகிறது. பத்தரைக்குத் திறந்து இரவு எட்டுக்கு மூடலாமா? அப்போது மாலையில் இரண்டு மணி நேரம் மாட்டுகிறது. மாற்ற முடியாதவரிடம் மாற்றச் சொல்லி வசூலித்தால் நோக்கமும் நிறைவேறாது. இதை உங்கள் ஷிஃப்ட் நேரத்தோடு எழுதுங்கள்.

சட்டத்தில் பிடிமானம்

பிரிவு 62(3)ஐ நான் எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். எந்த நுகர்வோருக்கும் தகாத சலுகை காட்டக் கூடாது. ஆனால் சில காரணங்களுக்காக வேறுபடுத்தலாம்: மின்பளுவை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்ற லோட் ஃபேக்டர், பவர் ஃபேக்டர், வோல்டேஜ், குறிப்பிட்ட காலத்தின் மொத்தப் பயன்பாடு, எந்த நேரத்தில் தேவை, எதற்காகத் தேவை. மேலே போட்ட 75 காசு, 2 ரூபாய் 81 காசு கணக்கு லோட் ஃபேக்டர் பற்றியது. ஷிஃப்ட் கணக்கு நேரம் பற்றியது. 'எங்களை வேறு விதமாக நடத்துங்கள்' என்று கேட்கச் சட்டமே வழி கொடுத்திருக்கும்போது, 'தொழில் நசிந்துவிடும், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்' என்று மட்டும் எழுதுவது வீண். அது உண்மைதான். ஆனால் அந்த வரியை வைத்து ஆணையம் ஒரு பைசாவைக்கூடக் குறைக்க முடியாது. கட்டண ஆணைக்குக் காரணமும் எண்ணும் வேண்டும். இரண்டையும் நாம் கொடுத்தால் அவர்கள் எடுத்து எழுத ஏதாவது இருக்கும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு பக்கத்தைத் தாண்டாதீர்கள். நான் சங்கத்தில் கொடுக்கும் மாதிரி இது. எண்களை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

'செயலாளர், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பொருள்: மனு எண் ___, தாழ்வழுத்தக் கட்டணப் பிரிவு 3-பி, நிலைக்கட்டணம் தொடர்பான ஆட்சேபணை.

நான் மேற்படி பிரிவில் 45 கிலோவாட் மின்பளு கொண்ட குறுந்தொழில் கூடம் நடத்துகிறேன். ஒரு ஷிஃப்ட், ஆறு பேர் வேலை. கடந்த 12 மாத மின்பயன்பாட்டு அட்டவணையையும் பில் நகல்களையும் இணைத்திருக்கிறேன்.

மனுவின் ___ஆம் பக்க அட்டவணையில் நிலைக்கட்டணத்தைக் கிலோவாட்டுக்கு ___ ரூபாயிலிருந்து ___ ரூபாயாக உயர்த்த முன்மொழிந்துள்ளனர். எங்கள் பயன்பாடு மாதம் ___ யூனிட்டுக்கும் ___ யூனிட்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. முன்மொழியும் விகிதத்தில் நிலைக்கட்டணம் மட்டும் யூனிட்டுக்கு ___ முதல் ___ வரை ஆகிறது. குறைந்த லோட் ஃபேக்டர் உள்ள ஒரு ஷிஃப்ட் கூடங்களுக்கும் தொடர்ந்து ஓடும் ஆலைகளுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. பிரிவு 62(3) இத்தகைய வேறுபாட்டை அனுமதிக்கிறது.

ஆகவே, நிலைக்கட்டணத்தைத் தற்போதைய அளவிலேயே வைக்க வேண்டுகிறேன். அது இயலாதெனில், 50 கிலோவாட் வரையிலான கூடங்களுக்கு உயர்வை ஆண்டுதோறும் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டுகிறேன். அதுவும் இயலாதெனில், பயன்பாடு குறைந்த மாதங்களில் நிலைக்கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு நிர்ணயிக்க வேண்டுகிறேன். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நேரில் பேச வாய்ப்பளிக்கக் கோருகிறேன்.'

கடைசிப் பத்தியில் மூன்று படிகளாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். வக்கீல்கள் மனுவில் செய்வதும் இதுதான். ஒரே கோரிக்கை வைத்தால் 'ஏற்க இயலாது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். மூன்று வைத்தால் மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கடிதத்தில் ஒரே பிரச்சினை என்பதையும் விடாமல் கடைப்பிடியுங்கள். மீட்டர் பழுது, வயர் தொங்குவது, அலுவலகத்தில் அலைக்கழித்தது ஆகியவற்றை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்கு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரும் தனியே இருக்கிறார்கள்.

சங்கம் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். கோவையின் தொழில் அமைப்புகளான கொடிசியாவும் டேக்ட்டும் எழுதுவது அவசியம். மாநில அளவிலான எண்களும் வாதத் திறனும் அவர்களிடம் இருக்கின்றன. ஆனால் ஒரு பட்டறையின் 12 மாத பில் அந்தப் பட்டறைக்காரரிடம்தான் இருக்கிறது. அதே சமயம், ஒரே கடிதத்தை நூறு நகல் எடுத்து நூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புவதை நான் ஆதரிப்பதில்லை. நூறும் சேர்ந்து ஆணையில் ஒரு பத்தியாகத்தான் வரும். பத்துப் பேர், பத்து வேறு வேறு பில், பத்து வேறு வேறு கணக்கு இருந்தால் அது சாட்சியம். ஃபவுண்டரிக்காரர் இரவு உருக்குவதை எழுதட்டும், பவுடர் கோட்டிங் செய்பவர் ஹீட்டர் பளுவை எழுதட்டும், வி.எம்.சி. எனும் கணினி மில்லிங் மெஷின் வைத்திருப்பவர் வங்கித் தவணையை எழுதட்டும்.

கூட்டத்தில்

காலையிலேயே போய்ப் பெயர் பதிவு செய்யுங்கள். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், தமிழிலேயே பேசலாம். 'வணக்கம். 45 கிலோவாட், 3-பி, ஒரு ஷிஃப்ட்' என்று தொடங்கி நேராகக் கணக்குக்குப் போய்விடுங்கள். பில் நகலை மேசையில் கொடுங்கள். எழுத்தில் கொடுத்ததையே பேசுங்கள். அங்கே தோன்றும் புதிய விஷயங்களை நினைத்த நேரத்தில் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும். எங்கள் சங்கத்து மூத்தவர் ஒருவர் இளைஞர்களை அழைத்து வந்து வாசலிலேயே சொல்வார்: "தம்பி, மேடையில் இருப்பவர்களை வையாதே. வைதது பேப்பரில் வரும், ஆணையில் வராது."

ஆணை வந்த பிறகு

கட்டண ஆணையில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஆட்சேபணைகளுக்கானது. யார் என்ன சொன்னார்கள், வாரியத்தின் பதில் என்ன, ஆணையத்தின் கருத்து என்ன என்று வரிசையாக வரும். அதில் உங்கள் வாதத்தைத் தேடுங்கள். இருக்கிறதா? மறுத்த காரணம் சரிதானா? ஆணையால் பாதிக்கப்பட்டவர் 45 நாள்களுக்குள் டெல்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது தனி ஒருவரால் ஆகிற காரியமில்லை, சங்கம் போக வேண்டும். அப்போது நாம் எழுத்தில் கொடுத்த எண்கள் வழக்கின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பது பெரிய பலம்.

அரசிடம் கேட்பது வேறு வழி. ஆணையம் நிர்ணயித்த கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஏற்க பிரிவு 65 இடம் தருகிறது. 2022 நவம்பரில் குறு, சிறு தொழில்களுக்கான உச்சநேரக் கட்டணத்தை 25 சதவீதத்திலிருந்து 15 ஆக அரசு குறைத்தது தொழில் அமைப்புகளின் தொடர்ந்த முறையீட்டால்தான். அந்த வழியில் போகும்போதும் அதே அட்டவணை, அதே பில் நகல்தான் உதவும்.

ஆணையில் கவனிக்காமல் விடப்படும் இன்னொரு பகுதியைச் சொல்ல வேண்டும். 2022 ஆணை 2026-27 வரையிலான ஐந்தாண்டுக்கானது. நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் உயரும் என்ற சூத்திரம் அதில் இருந்தது. அதன்படி 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 சதவீதம் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் 'கருத்தே கேட்காமல் உயர்த்திவிட்டார்கள்' என்று கொதித்தோம். கருத்துக் கேட்டது 2022 ஆகஸ்டில். அடுத்த காலத்துக்கான மனு வரும்போது கட்டண அட்டவணையோடு இப்படிப்பட்ட சூத்திரம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். நிலைக்கட்டணத்துக்கும் அது பொருந்துமா என்ற கேள்வியை எழுத்தில் எழுப்புங்கள்.

மற்ற வரைவு விதிகள்

மின்கட்டணத்தில் கை பழகினால் மற்றவையும் எளிது. நம் தொழிலைத் தொடும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரைவுத் தரங்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரைவு ஒழுங்குமுறைகள், சுற்றுச்சூழல் வரைவு அறிவிப்புகள் எல்லாமே கருத்துக் கேட்டு வெளியாகின்றன. சுற்றுச்சூழல் வரைவுகளுக்கு 60 நாள். மத்தியத் துறைகள் புதிய சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கையே வகுத்தார்கள். 'முன்வெளியீட்டுக்குப் பின்' விதி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்களில், 1897ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, குறித்த தேதிக்கு முன் வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்தாக வேண்டும். உணவுத் துறையினருக்குப் பெரும்பாலும் ஓர் அட்டவணைப் படிவம் இருக்கும்: விதியின் எண், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம். மூன்றாவது கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். தரக்கட்டுப்பாட்டு ஆணைகளில் சிறு தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் கூடுதல் அவகாசம் தரும் வழக்கம் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை மாதம் வேண்டும், டெஸ்டிங்குக்கு எவ்வளவு செலவு, பக்கத்தில் லேப் இருக்கிறதா என்று எழுதினால் அந்த அவகாசத்தை நீட்டிக் கேட்க அடிப்படை கிடைக்கும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று. ஒரு நோட்டில் மாத வாரியாகக் கோடு போடுங்கள்: மொத்த யூனிட், உச்சநேர யூனிட், நிலைக்கட்டணம், மொத்த பில், அந்த மாதம் மெஷின் ஓடிய மணி, ஜாப் ஒர்க் வரவு. பில் வந்தவுடன் நிரப்பிவிடுங்கள். மாநில அளவில் ஏதாவது எண் வேண்டுமென்றால், உதாரணமாக 3-பி பிரிவில் 50 கிலோவாட்டுக்குக் கீழ் எத்தனை இணைப்பு என்பதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதில் வர 30 நாள் ஆகும். மனு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.